யாருக்காகப் பயப்படுகிறோம்?

ஒரு தொடரைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை நம் வீடுகளில் முதல் மூன்று நிமிடங்களே முடிவு செய்கின்றன. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவருடைய பொறுமை அவ்வளவுதான். மர்மத் தொடர் என்றால் சோதனை இன்னும் கடுமை. அம்மா துணி மடித்துக் கொண்டிருப்பார். பையன் கைப்பேசியில் மூழ்கியிருப்பான். அப்பா பாதித் தூக்கத்தில் இருப்பார். இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் தலைநிமிர வைக்க வேண்டும். வசனம் ஆரம்பிப்பதற்கு முன்பே அந்த வேலையைச் செய்து முடிப்பவை இரண்டு. ஒன்று, கேமரா எங்கே நிற்கிறது என்பது. மற்றது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். படப்பிடிப்புக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உறவு வந்தது என் அக்காள் மகளால். செபெராங் பிறையில் ஒரு கல்லூரியில் பல்லூடகம் படிக்கிறாள். சென்ற ஆண்டு அவளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள்: ஒரு மர்மத் தொடரின் தொடக்கக் காட்சியை மூன்று நிமிடத்துக்குள் எடுத்து வர வேண்டும். வாகனம் ஓட்டவும் சாமான் தூக்கவும் ஆள் வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஒரு மாதத்தில் நான் தொலைக்காட்சி பார்க்கும் விதமே மாறிப்போனது. நாம் ஒருவரைக் கண்டு பயப்படுகிறோமா, ஒருவருக்காகப் பயப்படுகிறோமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கதை இல்லை, விளக்குதான் என்று புரிந்தது.

கருப்பு வந்த இரவுகள்

என் வயதுக்காரர்களிடம் மர்மத் தொடர் என்றால் முதலில் வரும் பெயர் 'மர்மதேசம்'. கே.பாலசந்தரின் நிறுவனம் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'விடாது கருப்பு' 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்தது. ஜோர்ஜ்டவுனில் எங்கள் வீட்டுக்கு அது வந்தது வீடியோ கேசட்டில். லிட்டில் இந்தியாவில் வாடகைக்கு எடுப்போம். ஒரு கேசட் நாலு வீடு சுற்றி வரும். நம் கைக்கு வரும்போது படத்தில் கோடு விழுந்திருக்கும், நிறம் வெளிறியிருக்கும். அப்படியும் பயந்தோம்.

ஒரு கிராமத்தில் தவறு செய்தவர்கள் சாகிறார்கள். அது காவல் தெய்வமான கருப்பு கொடுக்கும் தண்டனையா, மனிதன் செய்யும் கொலையா? தொடர் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். குதிரையில் ஓர் உருவம் வரும். யார் என்று முகம் தெரியாது. அது தெரிந்துவிட்டால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும், கதையும் முடிந்துவிடும். ஆகவே முகத்தில் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே கதையைக் காப்பாற்றும் வேலை.

என் பாட்டி தோட்டப்புறத்தில் வளர்ந்தவர். முனியாண்டி கோயில் பக்கம் இருட்டிய பிறகு போகக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர். அவர் அந்தத் தொடரைக் கைகூப்பியபடி பார்த்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். எங்களுக்கோ கொலைகாரன் யார் என்ற தவிப்பு. ஒரே இருட்டு, ஒரே உருவம். பாட்டிக்கு அது பக்தி, எங்களுக்கு மர்மம். படம் பிடித்தவர்கள் இரண்டு பேருக்கும் இடம் விட்டிருந்தார்கள்.

பிறகு வந்த தலைமுறைக்கு 'சுழல்' இருக்கிறது. புஷ்கர் - காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கி, 2022 ஜூனில் அமேசான் பிரைமில் எட்டுப் பாகங்களாக வந்தது. மலையூர், சிமெண்ட் ஆலை, மயானக் கொள்ளைத் திருவிழா, காணாமல் போன பெண். திருவிழாவில் முகம் முழுக்க வண்ணம் பூசிய மனிதர்கள் வருகிறார்கள். நல்ல வெளிச்சத்திலேயே முகம் மறைந்துவிடுகிறது. கருப்புக்கு இருட்டு செய்த வேலையை இங்கே திருவிழாச் சாயம் செய்கிறது.

மேசைக்கு அடியில் வெடிகுண்டு

என் மருமகள் எனக்கு எடுத்த முதல் பாடம் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்குடையது. பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோவுக்கு 1962இல் அவர் கொடுத்த நீண்ட பேட்டியில் ஓர் உதாரணம் சொல்கிறார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சும்மா பேசிக் கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில், குண்டு மேசைக்கு அடியில் இருப்பதை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டால்? அந்த இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசினாலும் நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம். இப்போது கிடைப்பது 15 நிமிடத் தவிப்பு.

"புரியுதா மாமா? நமக்குத் தெரியணும், அவங்களுக்குத் தெரியக்கூடாது. அதுதான் சஸ்பென்ஸ். யாருக்குமே தெரியலன்னா அது வெறும் அதிர்ச்சி."

இது வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைக்க வேண்டாம். வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர் படமும் இயக்கியவர். அவருடைய 'பொம்மை' 1964இல் வந்தது. ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு. அது கைமாறிக் கைமாறிப் போகிறது. வைத்திருப்பவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மேசைக்கு அடியில் இருந்த குண்டைத் தூக்கி ஊர் சுற்ற விட்டார் அவர். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1954இல், பாட்டே இல்லாமல் அவர் எடுத்த 'அந்த நாள்' துப்பாக்கிச் சத்தத்தோடு ஆரம்பிக்கும். செத்து விழுபவர் சிவாஜி கணேசன்! கதாநாயகனை முதலிலேயே கொன்றுவிட்டு, யார் சுட்டது என்று ஒவ்வொருவராக விசாரிக்கும் கதை. மாருதி ராவின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் நிழலும் ஒரு பாத்திரம்போல நடமாடும். என் அம்மா அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் எத்தனை தடவை போட்டாலும் உட்கார்ந்துவிடுவார். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும் பார்க்க வைப்பது அந்த நிழல்தான் என்பேன்.

எட்டாத வெளிச்சம், அசையாத கேமரா

வேலை நுணுக்கத்துக்கு வருவோம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சை ஒருவர் முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். அடையாள அட்டைப் படம்போல எல்லாம் தெரியும், ஒன்றும் தோன்றாது. விளக்கைக் காதுப் பக்கம் நகர்த்துங்கள். முகத்தில் பாதி இருட்டுக்குள் போகும். அந்தப் பாதியில் என்ன இருக்கிறது என்று மனம் தேட ஆரம்பிக்கும். தாடைக்குக் கீழே கொண்டு போங்கள். குழந்தைகள் அலறுவார்கள். சூரியனும் விளக்குகளும் நமக்கு மேலிருந்தே வெளிச்சம் தருவதால், கீழிருந்து ஒளி விழுந்த முகம் தெரிந்த முகமாக இருந்தாலும் அந்நியமாகத் தெரியும். கடைசியாக, விளக்கைத் தலைக்குப் பின்னால் பிடியுங்கள். முகம் மறைந்து வடிவம் மட்டும் நிற்கும். கருப்பு வந்து நிற்பது இப்படித்தான்.

'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடர் 1993இல் வந்தபோது இரண்டு கைவிளக்குகளை வைத்தே பேர் வாங்கியது. துப்பறியும் இருவரும் இருட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போவார்கள். காற்றில் லேசாகப் புகை போட்டிருப்பதால் ஒளிக்கற்றை கோடாகத் தெரியும். டார்ச் எங்கே போகிறதோ அங்கே மட்டும் நமக்கும் கண். அது நகர்ந்துவிட்ட இடத்தில் என்ன இருந்தது என்பது நம் கவலை.

கேமராவின் பங்கு வேறு. முதலில் உயரம். இடுப்பு உயரத்தில் வைத்தால் யாரோ ஒளிந்து பார்ப்பதுபோல் இருக்கும். அடுத்து இடைவெளி. கதவு இடுக்கு, சன்னல் கம்பி, மாடிப்படி வழியாகப் பார்த்தால் நாம் அழைக்கப்படாத ஆள். மூன்றாவது பொறுமை. ஆள் வெளியேறிய பிறகும் கேமரா அங்கேயே நின்று காலி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தால், 'ஏன் இன்னும் நிற்கிறது?' என்ற கேள்வி வந்துவிடும். நான்காவது வேகம். கவனிக்க முடியாத மெதுவில் கேமரா ஒரு மூடிய கதவை நோக்கி நகர்ந்தால் போதும், கதவுக்கு உயிர் வந்துவிடும்.

இருட்டு இல்லாமலும் இதைச் செய்யலாம். 'பிரேக்கிங் பேட்' தொடரின் முதல் பாகம் 2008 ஜனவரியில் ஒளிபரப்பானது. கொளுத்தும் வெயில், பாலைவனம், வெட்டவெளி. ஒரு கால்சட்டை வானத்திலிருந்து மிதந்து வந்து மண் பாதையில் விழுகிறது. அதன்மேல் ஒரு வீட்டு வண்டி ஏறிப் பறக்கிறது. ஓட்டுபவர் உள்ளாடையோடும் முகத்தில் வாயுக் கவசத்தோடும் இருக்கிறார். எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, எதுவும் புரியவில்லை. ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத அந்த வெளிச்சமே பயமாக இருக்கிறது. சைரன் சத்தம் நெருங்கும்போது, பெயர்கூடத் தெரியாத அந்த மனிதருக்காக நாம் பதறுகிறோம்.

கொடிமலை சிம்லாவான கதை

பினாங்குக்காரர்களுக்கு இந்தக் கலை தூரத்துச் சொந்தம் இல்லை. லீத் ஸ்திரீட்டில் இருக்கும் நீல மாளிகையை, சோங் ஃபாட் சீயின் வீட்டை, எத்தனையோ பேர் படம்பிடித்திருக்கிறார்கள். ஆஸ்கார் வாங்கிய பிரெஞ்சுப் படமான 'இந்தோசீன்' 1992இல் அங்கே வந்தது. 2018இல் 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' படத்தின் மாஜோங் ஆட்டமும் அந்த வீட்டு முற்றத்தில்தான்.

தொலைக்காட்சி என்றால் 'இந்தியன் சம்மர்ஸ்'. பிரிட்டனின் சானல் 4 இதை 2015, 2016 ஆண்டுகளில் இரண்டு பருவங்களாக ஒளிபரப்பியது. கதை 1932இல் சிம்லாவில் தொடங்குகிறது. படம் பிடித்ததோ பினாங்கில். இன்றைய சிம்லாவில் கட்டடங்கள் பெருகிவிட்டன. நம் கொடிமலையில் பழைய பங்களாக்கள் அப்படியே இருந்தன. அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த கிராக் ஹோட்டல், துரைமார்களின் சிம்லா கிளப்பாக மாறியது. முதல் பாகத்தில் மலையேறும் ரயில் திடீரென்று நிற்கிறது. தண்டவாளத்தில் ஒரு சிறுவன் கிடக்கிறான். யார் அவன், ஏன் அங்கே கிடக்கிறான் என்ற கேள்வி தொடர் முழுக்கப் பின்தொடர்கிறது.

உள்ளூர் இந்தியர்கள் பலர் அதில் கூட்டத்தில் நின்றார்கள். எங்கள் அடுக்குமாடியில் ஓர் அண்ணன் தலைப்பாகை கட்டிக்கொண்டு இரண்டு நாள் நின்றார். தொடர் வந்தபோது குடும்பத்தோடு உட்கார்ந்து தேடினோம். "அதோ, அந்தத் தூணுக்குப் பின்னால!" என்றார். தூண் தெரிந்தது. அவர் தெரியவில்லை.

நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். என் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் லைட்டே போடல மாமா," என்றாள். பின்வரிசைக்கு யாரும் தனி விளக்கு வைக்க மாட்டார்கள், அது தொழில் நடைமுறை. ஆனால் முன்வரிசையில் நின்றாலும் வெளிச்சம் கிடைக்காத முகங்கள் நம்மிடம் உண்டு. அவள் படம் அங்கிருந்துதான் பிறந்தது.

பவுடர் வேண்டாம், தேங்காய் எண்ணெய் போதும்

அவளுடைய தோழி ஒருத்தி நன்றாக நடிப்பாள். கோயில் கலை நிகழ்ச்சிகளில் அவள் மேடையேறினால் கூட்டம் அமைதியாகிவிடும். நல்ல கறுப்பு. ஒரு தமிழ் நாடகத்தில் சிறிய வேடத்துக்கு அழைத்தார்கள். போன இடத்தில் "கேமராவில் முகம் தெரியவில்லை" என்று சொல்லி இரண்டு சுற்று வெளிர் பவுடர் பூசினார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பிறகு அந்த வேடத்தையும் வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, "பேய் வேஷம் இருந்தா கூப்பிடறோம்" என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னாராம். அவள் வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து என் மருமகளிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

கேமராவுக்குக் கறுப்பு முகம் தெரியாது என்பது பழைய பொய். அந்தப் பொய்க்கு ஒரு வரலாறு உண்டு. கோடாக் நிறுவனம் படச்சுருளின் நிறத்தைச் சரிபார்க்கப் புகைப்பட நிலையங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதில் இருந்தது பல பத்தாண்டுகளாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. மற்ற நிறத்துக்காரர்கள் இருட்டாக வந்தால், குறை அவர்கள் நிறத்தில் என்று ஆகிவிட்டது. பின்னாளில் பல நிறப் பெண்கள் உள்ள அட்டைகள் வந்தன. பழக்கம் மட்டும் போகவில்லை.

எச்பிஓவின் 'இன்செக்யூர்' தொடரின் ஒளிப்பதிவாளர் ஆவா பெர்கோஃப்ஸ்கி, கறுப்பின நடிகர்களுக்கு எப்படி ஒளி அமைக்கிறார் என்று 2017இல் விளக்கினார். நேராக விளக்கை அடித்து முகத்தை வெளுக்க வைப்பதில்லை. வெள்ளைப் பலகையில் ஒளியைப் பட்டுத் தெறிக்கவிட்டு, மென்மையாக முகத்துக்குக் கொண்டு வருவார். ஒப்பனையில் ஈரப்பசை சேர்த்து, தோலையே மினுங்க வைப்பார். கறுப்புத் தோல் அந்த ஒளியைக் கண்ணாடிபோல் வாங்கித் திருப்பித் தரும்.

நம் நாடகங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். கதாநாயகிக்கு நான்கு பக்கமும் விளக்கு. நிழலே இல்லாத முகம். கறுத்த பையன் ஒருவன் வந்தால் அவன் அடியாள். ஒளி கீழிருந்து வரும், அல்லது வராது. வசனம் பேசுவதற்கு முன்பே அவனைக் கண்டு பயப்படச் சொல்லியாயிற்று. அதே நிறத்தில் நம் வீட்டில் ஒரு தம்பி இருப்பான். இரவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது அவனைக் கண்டு ஒரு பெண்மணி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அவர் அந்தப் பழக்கத்தில் ஒரு பங்கைத் திரையிலிருந்து எடுத்திருக்கக்கூடும்.

மூன்று நிமிடம்

படம் பிடித்த இடம் கிட்டங்கித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீடு. தெரிந்தவர் ஒரு சனிக்கிழமை இரவுக்கு மட்டும் திறந்துவிட்டார். ஜோர்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமை நகரானபோது பெருமைப்பட்ட நமக்கு, அந்த வீடுகளின் அமைப்பு பழகிப்போன ஒன்று. முன்பக்கம் அஞ்சடி. அதைத் தாண்டினால் குறுகலாக, நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும் கூடம். நடுவில் வானம் பார்த்த முற்றம். மேலே மரச்சன்னல்கள். வெளிச்சம் வாசலிலும் முற்றத்திலும் மட்டும், இடையில் இருட்டு. மர்மக் காட்சிக்கென்றே யாரோ கட்டி வைத்ததுபோல் இருந்தது.

கதை எளிது. வேலை முடிந்து ஒரு பெண் வீடு திரும்புகிறாள். அவள் அஞ்சடியில் நடந்து வரும்போதே, மேல் மாடிச் சன்னல் பலகைகளுக்குப் பின்னால் ஒரு சிறிய வெளிச்சம் நகர்வதை நாம் பார்த்துவிடுகிறோம். அவள் பார்க்கவில்லை. இதுதான் மேசைக்கு அடியில் வைத்த குண்டு. அவள் சாவியை எடுக்கிறாள். பூட்டு ஏற்கனவே திறந்து தொங்குகிறது. "அம்மா?" என்கிறாள். பதில் இல்லை. உள்ளே மேசையில் ஒரு குவளைத் தேநீர், ஆவி பறக்கிறது. அவள் மாடிப்படியை நிமிர்ந்து பார்க்கிறாள். முடிந்தது.

வாடகைக்கு எடுத்தது மூன்று எல்இடி விளக்குகள். ஒன்றுக்கு ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டி, தெருவிளக்குபோல வெளியே உயரத்தில் நிறுத்தினோம். அந்த ஒளி கதவுக் கம்பிகள் வழியாகக் கோடு கோடாகத் தரையில் விழுந்தது. ஒன்று முற்றத்தில், நிலவுக்குப் பதிலாக. மூன்றாவதை நடிகைக்கு நேரே காட்டாமல் சுவர்ப் பக்கம் திருப்பி, அங்கே நான் பிடித்திருந்த வெள்ளை பொலிஸ்டிரீன் பலகையில் அடித்தார்கள். பலகையில் பட்டுத் திரும்பிய ஒளி அவள் வலது கன்னத்தில் இறங்கியது. ஒப்பனை என்று எதுவும் இல்லை. "பவுடர் வேண்டாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கோ," என்றாள் மருமகள். நிற்க வைத்த இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். பின்னால் கறுத்த மரக்கதவு இருந்தால் முகம் அதில் கரைந்துவிடும் என்று, வெளிர் நீலம் பூசிய பழைய சுவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

கேமராவை நகர்த்தத் தண்டவாளம் வாங்கக் காசில்லை. மடித்த போர்வைமேல் கேமராக்காரப் பையனை உட்கார வைத்து, வழவழப்பான தரையோடில் இரண்டு பேர் மெதுவாக இழுத்தோம். இரண்டாம் தடவை நான் தும்மிவிட்டேன். ஐந்தாம் தடவை சரியாக வந்தது.

அந்த ஐந்தாம் தடவையைச் சிறிய திரையில் பார்த்தபோது யாரும் பேசவில்லை. பாதி முகம் இருட்டில். மறுபாதியில் கன்ன மேட்டிலும் மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் மெல்லிய வெளிச்சக் கோடு. கண்ணில் ஒரு புள்ளி. அவள் எச்சில் விழுங்கும்போது தொண்டையில் ஒளி அசைந்தது. நடிகை தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை போடுங்க," என்றாள். மூன்று முறை போட்டுப் பார்த்தாள்.

டியூப் லைட் சோதனை

படம் முடிந்ததும் உண்மையான தேர்வு கல்லூரியில் நடக்கவில்லை, எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. தலைக்கு மேல் டியூப் லைட், காற்றாடி, சமையலறையில் தட்டுச் சத்தம். தொலைக்காட்சியில் போட்டதும் என் அம்மா கேட்ட முதல் கேள்வி: "என்னடா, கரண்டு போயிடுச்சா?"

உலகப் புகழ்பெற்றவர்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் மாபெரும் இரவுப் போர் 2019 ஏப்ரலில் ஒளிபரப்பானபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்க முறையிட்டார்கள். சரியான திரையில், இருட்டறையில் பார்த்தால் தெரியும் என்பதுதான் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னரின் வாதம். நம் வீடுகளில் இருட்டறைக்கு எங்கே போவது? பாட்டி மாத்திரை சாப்பிட வேண்டும், பிள்ளைகள் பாடம் எழுத வேண்டும். மருமகள் வாதாடவில்லை. மறுபடி கணினியில் உட்கார்ந்து, இருண்ட பகுதிகளை இருட்டாகவே விட்டு, முகத்தில் விழும் ஒளியை மட்டும் கொஞ்சம் தூக்கினாள். டியூப் லைட்டுக்குக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

இரண்டாம் முறை அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். மாடியில் வெளிச்சம் நகர்ந்தபோது, "ஐயோ, மேல யாரோ இருக்காங்க, போகாதே!" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். படம் முடிந்து திரை கறுத்தது. அம்மா திரும்பி, "அப்புறம் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

கல்லூரியில் என்ன மதிப்பெண் வந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. என் அம்மா 'அந்தப் பிள்ளை' என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் கல்யாணப் பேச்சு வந்தால் நிறம் பார்க்கிறவர் அவர். அந்த முகத்தைப் பார்த்து அவருக்கு நிறம் தோன்றவில்லை, பதற்றம் மட்டுமே தோன்றியது.

இன்று இரவு உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு தொடர் ஆரம்பிக்கும். முதல் மூன்று நிமிடம் மட்டும் கதையை விட்டுவிட்டு விளக்கைப் பாருங்கள். யார் முகத்துக்கு ஒளி கிடைத்திருக்கிறது, யார் முகத்துக்குக் கிடைக்கவில்லை, யாரைக் கண்டு உங்களைப் பயப்படச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் மருமகள் அடுத்த படத்துக்கு ஆயத்தமாகிக் கொண்டிருக்கிறாள். அதே கடைவீடு, அதே மூன்று விளக்கு. இந்த முறை இரவில் தனியாக வீடு திரும்புவது ஒரு பையன். கறுத்தவன், உயரமானவன், காதில் கடுக்கன், கையில் பச்சை குத்தியவன். அஞ்சடியில் அவன் எதிரே வந்தால் நாம் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவோம், அப்படி ஒரு பையன். அவனுக்கும் கன்னத்தில் அந்த ஒளி விழும். பலகை பிடிக்க நான்தான் போகிறேன்.